விற்க மறுப்பவருக்கு என்ன லாபம்?

கேள்வி: சீனாவுக்கு உயர்தரச் சிப்புகளை விற்கக் கூடாது என்று அமெரிக்கா தடை போடுகிறது, பதிலுக்குச் சீனா கனிமங்களை நிறுத்துகிறது. வாங்க ஆளிருந்தும் விற்காவிட்டால் நட்டம் விற்பவருக்குத்தானே?
— வாசகர், மன்னார்குடி

பதில்: நட்டம் உண்டு, அந்த நட்டத்தைக் கொடுத்து அவர்கள் வாங்குவது காலத்தை. எதிராளி ஐந்தாண்டில் எட்டக்கூடியதைப் பதினைந்தாண்டுக்குத் தள்ளிவிட முடியுமா என்பதே கணக்கு.

உங்கள் ஊர்ப் பாமணி ஆறு நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் பிரிகிறது. அங்கே ஷட்டரை இறக்கிவிட்டால் போதும், கீழே வயலுக்கு வயல் காவல் நிற்க வேண்டியதில்லை. சிப்புத் தொழிலில் அப்படியொரு தலைப்பு நெதர்லாந்தில் இருக்கிறது. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் சொட்டவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து, அதில் பிறக்கும் புற ஊதா ஒளியால் சிப்பைப் பொறிக்கும் இயந்திரத்தை உலகிலேயே அந்நாட்டின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மட்டுமே செய்து விற்கிறது. அமெரிக்காவின் வற்புறுத்தலால், அது சீனாவுக்குப் போக நெதர்லாந்து அரசு 2019 முதல் உரிமம் தரவில்லை. 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா வெளியிட்ட விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், தன் குடிமக்கள் சீனாவின் உயர்தரச் சிப்பு ஆலைகளுக்கு உரிமமின்றி உதவுவதையே தடுத்தன. பொருளைத் தடுப்பதைவிடக் கைப்பக்குவத்தைத் தடுப்பதே கடுமை என்பது என் எண்ணம்.

ஆனால் முறைத் தண்ணீர் வராத கடைமடை விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. கடன் வாங்கியாவது, வருவது உப்புத் தண்ணீரானாலும், போர்செட் போட்டுப் பார்க்கிறார். 2023 ஆகஸ்டில் சீன நிறுவனமான ஹுவாவே வெளியிட்ட மேட் 60 புரோ கைப்பேசியின் 7 நானோமீட்டர் உயர்தரச் சிப்பு அப்படி வந்ததுதான்: பழைய தலைமுறை இயந்திரத்தில் ஒரே அடுக்கைத் திரும்பத் திரும்பப் பொறித்து எடுத்தார்கள்.

நம் அனுபவமும் அதுவே. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் ராக்கெட் என்ஜினின் நுட்பத்தை ரஷ்யா நமக்குத் தருவதை எதிர்த்து, 1992இல் அமெரிக்கா இஸ்ரோ மீது தடை விதித்தது. ரஷ்யாவும் நுட்பத்தைத் தராமல், செய்து முடித்த ஏழு என்ஜின்களை மட்டும் தந்தது. நாமே செய்த என்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. இதைத் தடையின் தோல்வி என்று மேடைகளில் பேசுகிறோம். இடையில் போன இருபத்தோரு ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை.

சீனாவின் கையிலும் ஒரு ஷட்டர் உண்டு. 2023 ஆகஸ்டில் சிப்புத் தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியத்துக்கும், 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்யும் காந்தங்களுக்கும் அது ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இந்தச் சண்டையில் இல்லாத நம் வாகன ஆலைகளும் காந்தம் கிடைக்காமல் திணறின. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே அரிய மண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் மணல் கிடக்கிறது. அத்தகைய மணலைப் பிரித்துக் காந்தமாக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை சீனாவில் இருக்கின்றன.