ஒரு சாக்லேட்டும் ஒரு துண்டு சாக்லேட்டும்

ஐயா, வணக்கம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப்போகிறேன். பேச்சுத் தேர்வுப் பயிற்சியில், "சாக்லேட் பிடிக்குமா, எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்கள். "ஐ லைக் சாக்லேட் வெரி மச்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தினமும் வாயில் போடுகிற பொருள், அதைப் பற்றிப் பேச நாலு வார்த்தை வரவில்லை. ஒரு சொல் பட்டியல் தர முடியுமா?

ரா., பெரம்பூர்

அன்புள்ள ரா.,

பட்டியல் வேண்டாம். மனப்பாடம் செய்தது தேர்வறையில் வாய்க்கு வராது. நீங்கள் சாப்பிடுகிற விதத்திலிருந்தே தொடங்குவோம்.

சென்னையில் நமக்கு எல்லாமே சாக்லேட். பள்ளியில் பிறந்தநாளுக்குக் கொடுப்பது, மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கையில் வைப்பது, எல்லாம். அதில் பாதி கோகோவே இல்லாத மிட்டாய். இங்கிலாந்தில் அதை ஸ்வீட் என்பார்கள், அமெரிக்காவில் கேண்டி. அப்புறம், 'டூ சாக்லேட்ஸ்' என்றால் அவர்கள் காதில் பெட்டியில் அடுக்கி வரும் சின்ன உருண்டைகளாகத்தான் விழும். பட்டையாக வருவது சோறு மாதிரி, அதை ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டார்கள். முழுதாக இருந்தால் 'எ பார்', உடைத்தால் 'எ பீஸ்', ஒரு கட்டம் மட்டும் என்றால் 'எ ஸ்கொயர்'. இது ஒன்று சரியானாலே உங்கள் பேச்சு மாறிவிடும்.

இனி நம்ம ஊர் வெயிலுக்கு வருவோம். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. மே மாதம் சென்னை 40ஐத் தாண்டும்போது கைப்பையிலேயே கரைந்துவிடுகிறது. அதை ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு எடுப்போம். உள்தாள் ஒட்டிக்கொண்டு கிழிந்து கிழிந்து வரும், மேலே சாம்பல் பூசினாற்போல் ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். பூஞ்சை என்று எங்கள் வீட்டில் எத்தனையோ முறை தூக்கிப் போட்டிருக்கிறோம். அது பூஞ்சை அல்ல. உருகிய கொழுப்பு மேலே வந்து மறுபடி உறைந்தது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் 'ப்ளூம்', அதாவது பூப்பது. சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்று நாமும் அதே சொல்லைத்தானே சொல்கிறோம்! இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி அந்தச் சொல் உங்களுக்கும் மறக்காது.

நல்ல பட்டையை உடைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அது 'ஸ்நாப்'. வெயிலில் குழைந்ததை உடைத்தால் அது கேட்காது.

டார்க் சாக்லேட்டை எல்லாரும் கசப்பு, 'பிட்டர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் துவர்ப்பும் உண்டு. வாழைப்பூ தின்று வளர்ந்த நமக்கு அந்தச் சொல் நாக்கிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அஸ்ட்ரிஞ்சென்ட்' என்று ஒன்று இருந்தாலும் சாதாரணப் பேச்சில் அதிகம் வராது. "இட் லீவ்ஸ் மை மவுத் ட்ரை" என்று சொல்லுங்கள், போதும்.

எப்போது சாப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு 'ட்ரீட்' உதவும். இங்கே ட்ரீட் என்றால் வேலை கிடைத்தவன் நண்பர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தருவது. அங்கே, என்றைக்கோ ஒருநாள் ஆசைக்குச் சாப்பிடுவதும் ட்ரீட்தான். "ஐ ஹேவ் இட் அஸ் எ ட்ரீட்" என்று சொல்லலாம். இனிப்பென்றால் உயிர் என்பவர் "ஐ ஹேவ் எ ஸ்வீட் டூத்" என்பார். பல் ஒன்றுதான், 'டீத்' என்று பன்மையாக்கிவிடாதீர்கள்.

மதிப்பெண் போடும் நான்கு அம்சங்களில் சொல்வளம் ஒன்று. பெரிய சொல்லை விட, பொருந்துகிற சொல்தான் அங்கே எடுபடும். இன்று மாலை ஒரு பட்டை வாங்கி, உடைத்து, வாயில் கரையவிட்டு, நடப்பதை நடக்க நடக்க ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்கியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.