கேளுங்க, சொல்றோம்: அரபு பேப்பர்ல நடக்கறது மதச் சண்டையா?

கே: அண்ணே, எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா ஒரு அரபு டிவி க்ளிப் போட்டாரு, கீழ இங்கிலீஷ் சப்டைட்டில், ஒரு மௌலவி மத்த மதத்துக்காரங்கள காச்சு காச்சுன்னு காச்சுறாரு. "அரபு மீடியாவே இப்படித்தான்"னு ஒரு கமெண்ட் வேற. மறுநாளே பக்கத்து வீட்டு பாய் போப்பும் எகிப்து இமாமும் கட்டிப்பிடிச்ச போட்டோ அனுப்புறாரு. எதத்தான் நம்பறது? (வாசகி, பட்டர்வொர்த்)

ப: ரெண்டையும் நம்பலாம் தங்கச்சி, ஆனா ரெண்டும் யாரு கை வழியா வந்துச்சுன்னு பாக்கணும். போட்டோ அனேகமா 2019 பிப்ரவரி 4, அபுதாபில போப் பிரான்சிஸும் கெய்ரோவுல இருக்கற அல்-அஸ்ஹர் மசூதியோட இமாம் அஹ்மத் அல்-தய்யிபும் மனித சகோதரத்துவ அறிக்கையில கையெழுத்து போட்டப்ப எடுத்ததா இருக்கும். எமிரேட்ஸ் பேப்பருங்க அத கொண்டாடத்தான் செய்யும், விழா நடந்ததே அவங்க வீட்டுல. க்ளிப் கதை வேற. மெம்ரின்னு வாஷிங்டன்ல ஒரு அமைப்பு, இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையில இருந்த யிகால் கார்மோன் ஆரம்பிச்சது, அரபு டிவி, பேப்பர் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போட்டுக்கிட்டே இருப்பாங்க, இந்த மாதிரி க்ளிப் நிறைய அங்கருந்து கிளம்புறதுதான். மோசமானதா பொறுக்கி எடுக்கறாங்கன்னு அவங்க மேல ரொம்ப நாளா புகார் உண்டு. சீர்திருத்தம் பேசற அரபு எழுத்தாளருங்களையும் அவங்க மொழிபெயர்க்கறாங்க, அது மட்டும் சித்தப்பா குரூப்புக்கு வந்து சேராது.

கே: அரபு பத்திரிகைன்னா முஸ்லிம் பத்திரிகைதானே? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

ப: யாரு சொன்னா? எகிப்தோட பெரிய பேப்பர் அல்-அஹ்ராம், 1875ல அலெக்ஸாண்ட்ரியாவுல அத ஆரம்பிச்ச தக்லா அண்ணன் தம்பிங்க லெபனான் கிறிஸ்தவங்க. 1892ல கெய்ரோவுல அல்-ஹிலால் பத்திரிகைய ஆரம்பிச்ச ஜுர்ஜி ஸைதானும் கிறிஸ்தவர்தான். பெய்ரூட்ல அந்-நஹார், 1933லருந்து துவைனி குடும்பத்து பேப்பர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க. அந்த வீட்டு ஜிப்ரான் துவைனி 2005 மார்ச் 14 அன்னிக்கு பெய்ரூட்ல பெருங்கூட்டத்துக்கு முன்னாடி நின்னு, முஸ்லிமும் கிறிஸ்தவனுமா ஒண்ணா இருப்போம்னு சத்தியம் பண்ண வச்சாரு, கூட்டமே திருப்பி சொல்லுச்சு. அதே வருஷம் டிசம்பர் 12 கார் குண்டுல போயிட்டாரு. அவரு அப்பா கஸ்ஸான் துவைனி, வயசான மனுஷன், சர்ச்சுல மகன் பெட்டி முன்னாடி நின்னு வெறுப்பையும் பழிவாங்கறதையும் இவனோட சேத்து புதைச்சிடுவோம்னாரு. அத படிச்சா இன்னிக்கும் எனக்கு தொண்டை அடைக்குது.

கே: அப்போ சண்டையெல்லாம் எங்கருந்து வருது? (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

ப: பெரும்பாலும் அரண்மனையிலருந்து. சவூதி, கத்தார் ரெண்டும் சன்னி நாடு, ரெண்டுலயும் வஹாபி வழிதான், ஆனாலும் 2017 ஜூன்ல சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நாலும் சேந்து கத்தார ஒதுக்கி வச்சு, 13 கோரிக்கை வச்சாங்க, அதுல ஒண்ணு கத்தாரோட டிவி அல் ஜஸீராவ இழுத்து மூடணும்ங்கறது. 2021 ஜனவரில சமாதானமும் ஆயிட்டாங்க. அந்தப் பக்கம் லெபனான்ல 2006 பிப்ரவரில கிறிஸ்தவ தலைவர் மிஷேல் அவுன் ஷியா கட்சி ஹிஸ்புல்லாவோட ஒப்பந்தம் போட்டாரு, அப்புறம் ரொம்ப வருஷம் அவரு கட்சி டிவி ஓடிவியும் ஹிஸ்புல்லா டிவி அல்-மனாரும் அரசியல்ல ஒரே பக்கம் நின்னுச்சுங்க. மதம் வேற, கூட்டணி ஒண்ணு. இங்க மாமாக் கடையில உக்காந்து எந்த பேப்பர் எந்த கட்சிக்காரருதுன்னு பாத்துட்டுதான தலைப்ப நம்பறோம், அந்த புத்தி அரபு பேப்பர் விஷயத்துல மட்டும் ஏன் வேல செய்ய மாட்டேங்குதுன்னு தெரியல.

கே: அரபி தெரியாதவன் எங்க படிக்கறது? (அதே வாசகர்)

ப: அஹ்ராம், சவூதிக்காரங்க பேப்பர் அஷர்க் அல்-அவ்ஸத் ரெண்டுக்கும் இங்கிலீஷ் பக்கம் இருக்கு. காப்டிக்னு சொல்ற எகிப்து கிறிஸ்தவங்களோட வத்தனி வாரப் பத்திரிகை, 1958லருந்து கெய்ரோவுல வருது, அதுலயும் இங்கிலீஷ் உண்டு. ஒரே செய்திய மூணுலயும் தேடிப் பாருங்க, அப்புறம் சித்தப்பாவுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க.