கோடை விடுமுறைக்குக் கிராமம் போகிறேன். இரவில் வரும் அந்துப்பூச்சிகளைப் பார்த்து இனம் காண நல்ல கேமராவும் லென்ஸும் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வெள்ளை வேட்டி ஒன்று போதும்.

நான் பூச்சியியல் படித்தவன் அல்ல. மதுரைக்குத் தெற்கே வலையங்குளம் பக்கம் முக்கால் ஏக்கரில் மல்லிகை போட்டிருப்பவன். பட்டம் பார்த்துத்தான் பதில் படிப்பேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் தாத்தா வீட்டுக்கு வரும் நகரத்துப் பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். கொடியில் வேட்டியை விரித்துக் கட்டி, பக்கத்தில் பழைய டியூப் லைட்டைப் போடுங்கள். எல்இடி பல்புக்கு அவ்வளவாக வராது. அதில் புற ஊதா ஒளி மிகக் குறைவு. கோடை மழை பெய்த மறுநாள், காற்றே இல்லாமல் புழுங்கும் இரவு, அதுவும் அமாவாசையை ஒட்டி அமைந்தால் வேட்டி நிறைந்துவிடும். செருப்பில்லாமல் நிற்காதீர்கள். பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும்.

இனம் காண்பதுதான் கஷ்டம். இந்தியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் வகைகள் உண்டு. சிறகைப் பார்த்துக்கொண்டே தேடினால் விடிந்துவிடும். நான் செடியைப் பார்ப்பேன். வாசலில் அரளி நிற்கிறதா? பச்சையும் ரோஸும் குழைத்துப் பூசியது போன்ற பெரிய பூச்சி வந்தால் அது அரளிப் புழுவின் தாய். வேலியில் சீந்தில் கொடி இருந்தால், மேல்சிறகு சருகு போலவும் உள்சிறகு மஞ்சளாகவும் ஒன்று வரும். கொய்யாவையும் மாதுளையையும் துளைத்துச் சாறு குடிப்பது அதுதான். வயலிலிருந்து வரும் வெளிர் மஞ்சள் பூச்சியின் மேல்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் நெல் குருத்துப்பூச்சி, அதிலும் பெண்.

என் எதிரி இவர்களில் யாரும் இல்லை. வெள்ளைச் சிறகில் கறுப்புக் கோடு போட்ட பொடிப் பூச்சி, மல்லிகை மொட்டுப்புழுவின் தாய். மொட்டில் ஓட்டை விழுந்தால் விலை போயிற்று. விழாவிட்டாலும் விலை இல்லை என்பது வேறு கதை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், பெருமைதான். ஆனால் சித்திரையில் பூ கொட்டும்போது, ஈரம் என்று சொல்லித் தரகர் எடையில் கழிக்கும் நூறு கிராமைக் கேட்க அந்தக் குறியீட்டுக்கு வாய் கிடையாது. விடுங்கள், நீங்கள் கேட்டது பூச்சியைப் பற்றி.

மூன்று வருடத்துக்கு முந்தைய வைகாசி. விடியற்காலை நாலு மணி, நெற்றியில் விளக்குக் கட்டிப் பூப் பறித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வயலில் எள் முற்றி நின்றது. திடீரென்று பறிப்புக்கு வரும் அக்கா, "தம்பி, முந்தானைக்குள் எலி கத்துகிறது!" என்று அலறிக்கொண்டு வரப்பில் ஓடினார். உதறியபோது விழுந்தது எலி இல்லை. உள்ளங்கை அகலப் பூச்சி. முதுகில் மண்டை ஓடு வரைந்தது போன்ற குறி. தொட்டால் கீச்சென்று கத்துகிறது. உறிஞ்சுகுழல் வழியே காற்றைத் தள்ளித்தான் அப்படிக் கத்துமாம். தேன் கூட்டுக்குள் புகுந்து திருடுகிற வகை.

இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட 'அட்ரோபோஸ்' என்ற பெயரை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். விலங்கியல் படிக்கும் என் சொந்த அக்கா மகன் வந்து, "மாமா, அது ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பது. வயிற்றைத் திருப்பிப் படம் எடுத்தீர்களா?" என்றான். எடுத்திருந்தேன். அடிவயிற்றில் கறுப்புப் பட்டை இல்லை. எனவே இது 'ஸ்டிக்ஸ்', எள்ளில் வளர்வது என்றான். இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை. ஆகவே முதுகை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடிப்பக்கமும் வேண்டும், சாதாரண செல்போனே போதும். சிறகுப் பொடி கண்ணில் பட்டால் குருடாகும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். எனக்குப் பல முறை பட்டிருக்கிறது. இந்தப் பதிலை நானே பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பறிப்புக்கு வரும் அந்த அக்கா மட்டும் இன்றுவரை விளக்கை நெற்றியில் கட்டுவதில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு பாதி இருட்டில்தான் பறிக்கிறார்.