இன்டெல்லை ஆவரேஜ் செய்யலாமா?

கேள்வி: சிப் கம்பெனியான இன்டெல் மறுபடி டிவிடெண்ட் (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) தருமா?

பதில்: 1992 முதல் தந்து வந்ததை 2024 ஆகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். 15,000 பேரை வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பும் அதே நாளில்தான் வந்தது. டிவிடெண்டை நம்பி இதில் இருக்காதீர்கள்.

கேள்வி: 45 டாலரில் வாங்கினேன். இறங்க இறங்க வாங்கி, சராசரி விலையைக் குறைத்து ஆவரேஜ் செய்கிறேன். பழைய உச்சமான 75-ஐ மறுபடி தொடும்தானே?

பதில்: இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. 75 என்பது 2000-ல், இணைய கம்பெனிப் பங்குகள் மேல் இருந்த டாட்காம் மோகத்தில் வந்த விலை. 2021-ல் 68 வரை எட்டிப் பார்த்த பங்கு, 2024 செப்டம்பரில் 20-க்கும் கீழே போனது. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று விசாரித்துவிட்டு யாரும் சிப் வாங்குவதில்லை. விலையை விட்டுவிட்டு வருவாயைப் பாருங்கள். 2021-ல் 79 பில்லியன் டாலர், 2024-ல் 53. மூன்றில் ஒரு பங்கு காணோம். 2024-ன் நிகர நஷ்டம் 19 பில்லியனுக்குப் பக்கம். சிப் தயாரிக்கும் ஃபவுண்டரி பிரிவின் செயல்பாட்டு நஷ்டமே 13 பில்லியன். 18ஏ என்ற புதிய சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்துக்கு வெளி கம்பெனிகள் பெரிய ஆர்டர் தருகிறார்களா என்று காலாண்டு அறிக்கையில் தேடினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் ஒரு காலத்தில் ஒரு நெட்வொர்க் கம்பெனிப் பங்கை நான்கு முறை ஆவரேஜ் செய்தவன்தான். நோட்டில் சராசரி விலை அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. பங்கு அதைவிட வேகமாக இறங்கியது. கையில் ஒரு பங்குகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையில் புதிதாக வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் ஆவரேஜும் வேண்டாம். கடன் வாங்கிய பணம் என்றால் பேச்சே வேண்டாம்.

கேள்வி: அமெரிக்க அரசே 10 சதவீதம் எடுத்துவிட்டது. இனி பயமில்லையே?

பதில்: கம்பெனி மூழ்காது என்று வேண்டுமானால் நம்பலாம். பங்குதாரர் பிழைப்பது வேறு கதை. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸை அரசு காப்பாற்றியது; பழைய பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். இன்டெல்லில் 2025 ஆகஸ்டில் அரசு எடுத்த விலை 20.47 டாலர், புதிய பங்குகளாக. ஏற்கெனவே வைத்திருப்பவரின் பங்கு விகிதம் அந்த அளவுக்குக் குறைகிறது.

கேள்வி: 2025 மூன்றாம் காலாண்டில் லாபம் காட்டிவிட்டார்களே, வளர்ச்சி திரும்பிவிட்டதா?

பதில்: இன்டெல்லின் துணை நிறுவனமாக இருந்த ஆல்டெராவின் 51 சதவீதத்தை விற்ற காசும் அதில் இருக்கிறது. சொத்தை விற்றால் ஒருமுறைதான் வரும். வருவாயைப் பாருங்கள், மறுபடி சொல்கிறேன்.

கேள்வி: இன்டெல் வாங்கலாமா? சீக்கிரம் பதில் தேவை.

பதில்: எத்தனை வருடத்துக்கு, யார் பணம், வேறு என்ன பங்கு வைத்திருக்கிறீர்கள், எதுவுமே எழுதவில்லை. அவ்வளவு அவசரம் என்றால், வேண்டாம்.