ஏழாம் வகுப்பு வந்தும் மகளுக்குக் கூட்டல், கழித்தல் வரவில்லை. டிஸ்கால்குலியா என்கிற, கணக்கு மட்டும் பிடிபடாத கற்றல் குறைபாடா? வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மூன்று டியூஷன் மாற்றிவிட்டதாகவும் தினமும் காலையில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த ஒப்பித்தலை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். மருத்துவர் இல்லை. அதனால் உங்கள் மகளுக்கு இருப்பது டிஸ்கால்குலியாதான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். நூறு பிள்ளைகளில் மூன்று முதல் ஏழு பேருக்கு அது இருக்கலாம் என்கிறார்கள். கணக்கில் திணறும் பிள்ளைகளோ அதைவிட எத்தனையோ மடங்கு. இரண்டாம் வகுப்பில் டைபாய்டு வந்து இரண்டு மாதம் பள்ளிக்குப் போகாதது, நடுவில் மீடியம் மாறியது, அடி வாங்கிய பயம், போர்டில் எழுதுவது தெரியாத கண் என்று காரணம் எதுவாகவும் இருக்கும். கண்ணை முதலில் காட்டிவிடுங்கள்.

சில வருடம் முன்பு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். தமிழ் கடகடவென்று வாசிப்பான், முந்தின நாள் மேட்சைப் பந்து பந்தாகச் சொல்வான். தரையில் நான்கு புளியங்கொட்டையை வைத்து எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி நான்கு என்றான். நமக்கெல்லாம் மூன்று, நான்கு வரை எண்ண வேண்டியதே இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். இன்னொன்றை அவன் கண் முன்னாலேயே வைத்தேன். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

கூட வந்த அம்மா, "பதிமூணாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்வான் மிஸ்" என்றார். உண்மைதான், பாட்டு மாதிரி சொன்னான். ஆனால் எட்டேழு எத்தனை என்றால், எட்டாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் ஐம்பத்தாறு வரும். ஐம்பத்தாறு பெரிதா அறுபத்தைந்தா என்றால் யோசித்தான். அவன் சட்டைப் பை எப்போதும் சில்லறையால் கனக்கும். கடையில் எவ்வளவு கேட்டாலும் பெரிய நோட்டாக நீட்டிவிட்டு, கொடுத்த மீதியை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வான். இத்தனை வருடமாக வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எண் என்பது ஓர் அளவு என்பதே பிடிபடாத பிள்ளைக்கு வாய்ப்பாடு வெறும் ஓசைதான். அதனால் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பத்துக்குள் இருக்கும் எண்களில் இருந்து தொடங்கினோம். முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஐந்து குழி உள்ள வரிசையாக இரண்டை வெட்டினால் பத்துக் குழி கிடைக்கும். எட்டுக் கொட்டை போட்டால் இரண்டு குழி காலி. எட்டும் ஏழும் எத்தனை? ஏழில் இரண்டை எடுத்து அட்டையை நிரப்பு, வெளியே ஐந்து நிற்கிறது, பதினைந்து. இதற்கு மட்டும் ஆறு வாரம் ஆனது. கொட்டையைத் தொட்டுச் செய்த பிறகு அதையே நோட்டில் வட்டமாக வரைவது, அதற்கும் பிறகுதான் எண்ணாக எழுதுவது. இந்த மூன்று படியில் ஒன்றைத் தாண்டினாலும் பழைய கதைதான்.

கழித்தலில் 42 - 17 கொடுத்தால் 35 என்று எழுதுவான். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிடுவான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் கேட்டான்: "மிஸ், வாங்குன கடன எப்ப திருப்பிக் குடுக்குறது?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து கடன் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். நான்கு பத்து ரூபாய் நோட்டு, இரண்டு ஒரு ரூபாய் காசு. பதினேழு ரூபாய் கொடு. காசு பத்தவில்லை என்றால் ஒரு நோட்டுக்குச் சில்லறை மாற்று. நான்காவது நாள் தானாகவே மாற்றினான்.

எண்ணுப் பெயர்களிலும் ஒரு வம்பு இருக்கிறது. இருபது முதல் எண்பது வரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் தமிழ், தொண்ணூறு என்று திடீரென்று நூறைக் கொண்டுவந்துவிடும். தொள்ளாயிரத்தில் ஆயிரம். தொண்ணூற்று மூன்று என்றால் அவன் 103 என்று எழுதுவான். கவனக்குறைவு என்று அதற்கு அடியும் வாங்கியிருக்கிறான். காதில் விழுந்ததை அப்படியே எழுதியதுதான் அவன் செய்த குற்றம்! இங்கிலீஷ் மீடியத்திலும் தப்ப முடியாது, ஃபோர்டீன் என்றால் நான்கு முதலில் காதில் விழுகிறது, பிள்ளை 41 என்று எழுதுகிறது.

வாரம் இரண்டு நாள் பரமபதம் விளையாடுங்கள். 37-இல் நின்று நான்கு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்த விடாதீர்கள். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது" என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். பாம்பு கடித்தால் நீங்களும் இறங்குங்கள், பிள்ளைக்காக ஏமாற்றி விளையாட வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாய்ப்பாடு? 2, 5, 10 போதும். மற்றவற்றை அங்கிருந்து கட்டிக்கொள்ளலாம். ஏழு ஆறு என்றால் ஏழு ஐந்து முப்பத்தைந்து, அதோடு ஓர் ஏழு.

அந்தப் பையன் கணக்கில் புலியாகவில்லை. பத்தாம் வகுப்பில் பாஸ் செய்தான், இப்போதும் செல்போனில் கால்குலேட்டர் இல்லாமல் கடைக்குப் போக மாட்டான். ஆனால் மீதியை எண்ணி வாங்குகிறான்.

பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியாவும் வருகிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம், அது போர்டுக்குப் போர்டு மாறும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது மகளின் பழைய கணக்கு நோட்டுகளைக் கொண்டுபோங்கள். ரப்பர் போட்டு அழித்து, டியூஷனில் சரி செய்து எழுதிய நோட்டு வேண்டாம். தப்பும் தவறுமாக அவளே போட்டு, சிவப்பு மையில் அடிபட்ட நோட்டு.