யேயர் பழமைவாதியா, தாராளவாதியா? இரண்டு நூலும் சரிதான்

வணக்கம். சுவீடிய வரலாற்றாசிரியர் எரிக் குஸ்தாவ் யேயரை ஒரு நூல் பழமைவாதி என்கிறது, இன்னொன்று தாராளவாதி என்கிறது, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் எழுதுங்கள், ஆண்டோடு சேர்த்து. எல்லைக்கோடு 1838: அதற்கு முன் பழமைவாதி, பின் தாராளவாதி.

யேயர் 1783-ல் சுவீடனின் வெர்ம்லாந்து பகுதியில், இரும்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். 1817 முதல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். நாடாளுமன்றத்திலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக, மதகுருமார் அவையில் உட்கார்ந்தவர். அப்போது பிரபுக்கள், மதகுருமார், நகரத்தார், விவசாயிகள் என்று நான்கு அவைகள் இருந்தன. அந்தப் பழைய அமைப்பை அவர் நெடுங்காலம் ஆதரித்தார்.

1838-ல் 'லித்தெராத்தூர்பிளாதெத்' என்ற தன் இதழில் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டார். தனிமனித உரிமைதான் பிரதிநிதித்துவத்தின் அடிப்படை என்ற பக்கம் வந்தார். சுவீடியர்கள் இதை இன்றும் 'விலகல்' என்றே சொல்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில், நெருங்கிய நண்பர்களின் மனத்தாங்கலை ஏற்றுக்கொண்டு செய்தது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்த இடம் இதுதான்.

அப்புறம், 'சுவீடிய மக்களின் வரலாறு' நூலை (1832–36) விட்டுவிடாதீர்கள். பெயரில் மக்கள், கதையை நடத்துவது மன்னர்கள். ஆனால் பிரபுக்களுக்கு எதிராக மன்னரும் மக்களும் ஒரே பக்கம் என்பது அதில் ஓடும் எண்ணம். பின்னால் வந்த மாற்றத்தின் விதை அங்கேயே இருப்பதாக நினைக்கிறேன். பிரபுக்களை அநியாயமாகக் குறை சொல்கிறார் என்று இன்னொரு வரலாற்றாசிரியரான ஆந்தர்ஸ் ஃபிரிக்செல் 1840-களில் அவரோடு மோதியதும் இதனால்தான். கட்டுரைக்கு அந்த விவாதமே நல்ல தொடக்கமாக இருக்கும்.