முடிவை மாத்தினா குத்தம் மாறிடுமா?

கேள்வி: போன வாரம்தான் ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ பார்த்தேன். கடைசில அந்தப் பைத்தியக்காரி செத்த பிறகுதான் மூச்சே வந்துச்சு. சபலப்பட்டா என்ன ஆகும்னு கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டிய பாடம். இந்த மாதிரி ஒரு படம் தமிழ்ல ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: பாடம்னு சொல்றீங்க, ஆனா அந்தப் படத்துல தப்பு பண்ணின ஆம்பளைக்கு என்ன ஆச்சுன்னு எழுதவே இல்லையே சார். டான் நல்ல வேலையில இருக்கிற வக்கீல், பொண்டாட்டியும் பொண்ணும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்த ரெண்டு நாள்ல நீங்க பைத்தியக்காரிங்கற அந்த அலெக்ஸ்கிட்ட போறான், அவங்க திரும்பி வந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி பழைய வாழ்க்கைக்கு வந்துடறான். அவ கர்ப்பமா இருக்கேன்னு வந்து நிக்கறப்போ கலைச்சுடு, செலவை நான் பார்த்துக்கறேங்கறதுதான் அவன் சொல்ற தீர்வு. அதுக்கப்புறம் அவ பண்றது எல்லாமே பயங்கரம்தான், கார் மேல ஆசிட் ஊத்தறது, குழந்தையோட முயலை அடுப்புல கொதிக்க வைக்கறது, குழந்தையையே ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போயிடறது, இதுல ஒண்ணைக்கூட நான் நியாயப்படுத்த வரல. ஆனா கணக்கை முடிச்சுப் பாருங்க, அலெக்ஸ் செத்துட்டா, ஒரு பாவமும் பண்ணாத பொண்டாட்டி கார் ஆக்சிடென்ட்ல அடிபட்டு ஆஸ்பத்திரில கிடந்து கடைசில கையில துப்பாக்கி எடுத்து ஒரு கொலையும் பண்ண வேண்டியதாப் போச்சு, டானுக்கு வீடு இருக்கு, வேலை இருக்கு, கடைசி ஷாட்ல மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு நிக்கற குடும்ப போட்டோ இருக்கு.

இந்த முடிவு முதல்ல எடுத்த முடிவே இல்லைங்கறது உங்களுக்குத் தெரியணும். 1987-ல டைரக்டர் ஏட்ரியன் லைன் எடுத்த முதல் வெர்ஷன்ல அலெக்ஸ் தானே கழுத்தை அறுத்துக்கிட்டு சாகறா, அந்தக் கத்தில டானோட கைரேகை இருக்கு, போலீஸ் வீட்டுக்கே வந்து அவனைக் கொலைக் கேஸ்ல பிடிச்சுட்டுப் போகுது. அவ தற்கொலை பண்ணிக்குவேன்னு பேசின கேசட் பொண்டாட்டி கைல கிடைக்குது, அதனால அதுலயும் அவன் தப்பிச்சிருப்பான்தான், ஆனா தான் பண்ணினதுக்கு ஊரறிய ஒரு தடவையாவது தலை குனிஞ்சு நிக்கறான் இல்லையா. ரிலீசுக்கு முன்னாடி ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினப்போ இந்த முடிவு யாருக்கும் பிடிக்கல, அவளைக் கொல்லணும், அதுவும் அந்தப் பொண்டாட்டி கையால சாகணும்னு எதிர்பார்த்தாங்க, அதனாலதான் திரும்பப் போயி, பாத்டப்ல கிடக்கற அலெக்ஸை பொண்டாட்டி சுடற அந்த சீனை எடுத்தாங்க. அலெக்ஸா நடிச்ச கிளென் க்ளோஸ் இதை ஒத்துக்காம ரொம்ப நாள் சண்டை போட்டிருக்காங்க, இவ கொலைகாரி கிடையாது, தன்னையே அழிச்சுக்கறவன்னு அவங்களோட வாதம். கடைசில நடிச்சுக் கொடுத்தாங்க. படம் உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல அள்ளிச்சு, 6 ஆஸ்கர் நாமினேஷன் வந்துச்சு, வியாபாரத்துல அவங்க எடுத்த முடிவு சரிதான். ஆனா நீங்க விட்ட அந்த நிம்மதி மூச்சு இருக்கே, அது அந்தத் திருத்தின முடிவு வாங்கிக் கொடுத்தது.

நீங்க பைத்தியக்காரின்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. படத்துல ஒரு சீன் வரும், அவ வாங்கி வச்ச ஆபரா (பாட்டாலயே கதை சொல்ற மேடை நாடகம்) டிக்கெட்டுக்கு டான் வரமாட்டான், அவ ராத்திரி தரையில உட்கார்ந்து பக்கத்துல இருக்கிற லேம்ப் சுவிட்சை போடுவா, அணைப்பா, போடுவா, அணைப்பா, பின்னாடி ‘மேடம் பட்டர்ஃபிளை’ ஓடிட்டிருக்கும், அதே நேரத்துல டான் பொண்டாட்டியோடவும் ப்ரெண்ட்ஸோடவும் பௌலிங் ஆடிச் சிரிச்சுக்கிட்டிருப்பான். அந்த ஆபராவும் ஒருத்தனால கைவிடப்பட்டு தன்னையே குத்திக்கிட்டு சாகற பொண்ணோட கதைதான், முதல்ல எடுத்த முடிவுக்கு அங்கயே விதை போட்டுட்டாங்க. உதவி தேவைப்படற ஒரு மனுஷிங்கறது அந்த சீன்ல அப்படியே தெரியுது, அதைப் பார்த்த பிறகும் அவ சாவுக்கு எப்படி நிம்மதியாச்சுன்னு எனக்குப் புரியல. க்ளோஸே இந்தக் கதையை எடுத்துட்டுப் போய் மனநல டாக்டர்கள்கிட்ட கேட்டுட்டுதான் நடிச்சிருக்காங்க, மனநோய்னா ஜனங்க மனசுல ஒரு வில்லியோட முகம் வர்றதைப் பத்தி பிற்காலத்துல வருத்தமாவே பேசியிருக்காங்க.

பதினஞ்சு வருஷம் கழிச்சு 2002-ல அதே ஏட்ரியன் லைன் ‘அன்ஃபெய்த்ஃபுல்’ எடுத்தார், க்ளாத் சாப்ரோலோட 1969 பிரெஞ்சுப் படத்துலேர்ந்து வந்த கதை. இதுல தடம் மாறுறது பொண்டாட்டி, கொலை பண்றது புருஷன். அவளோட காதலன் வீட்டுக்குப் போனவன் அங்க தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த கண்ணாடி உருண்டை பொம்மையைப் பார்க்கறான், அதாலேயே அடிச்சுக் கொல்றான். அந்த ட்ரெயின் சீனை மறக்காம பாருங்க, முதல் தடவை காதலன்கிட்ட போயிட்டு வீட்டுக்குத் திரும்பறப்போ பொண்டாட்டியா நடிச்ச டயான் லேன் முகத்துல சிரிப்பு, வெட்கம், குற்ற உணர்ச்சி, அழுகை எல்லாம் வசனமே இல்லாம ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டுப் போகும். கடைசில குடும்பமே கார்ல, போலீஸ் ஸ்டேஷன் எதிர்ல சிக்னல்ல நிக்குது, அப்படியே படம் முடிஞ்சுடுது. இங்கயும் செத்தது வெளியாள்தான், ஆனா யாருக்கும் நிம்மதி கிடையாது, என்னைக் கேட்டா இதுதான் நேர்மையான படம்.

தமிழ்ல வரலைன்னு சொல்றீங்களே, 2007-ல கௌதம் மேனன் ‘பச்சைக்கிளி முத்துச்சரம்’ எடுத்தாரே. சரத்குமார் கல்யாணமானவர், குழந்தைக்கு உடம்பு சரியில்ல, ட்ரெயின்ல ஜோதிகாவைப் பார்த்துப் பழகறார், அப்புறம் அவங்க பிளான் போட்டு ஏமாத்தற கும்பல்ல ஒருத்தர்னு தெரிய வருது. ஜோதிகா பிரமாதமா பண்ணியிருந்தாங்க, ஆனா அந்தப் பொண்ணு வில்லின்னு ஆனதுமே அந்தப் புருஷன் வெறும் பாதிக்கப்பட்டவனா மாறிடறான், டானுக்குக் கிடைச்ச அதே சலுகைதான்.

த்ரில்லர் இல்லேன்னாலும் பரவாயில்லைன்னா பாலு மகேந்திராவோட ‘மறுபடியும்’ பாருங்க, 1993. மகேஷ் பட்டோட 1982 இந்திப் படம் ‘அர்த்’தோட ரீமேக். அதுலயும் புருஷனோட வாழ்க்கைக்குள்ள வர்ற இன்னொரு பொண்ணு மனசு சரியில்லாதவதான், ஆனா அவளை யாரும் கொல்லல, அவளே அவனை விட்டுப் போறா. திரும்பி வர்ற புருஷன்கிட்ட, இதையே நான் பண்ணியிருந்தா என்னைச் சேர்த்துக்குவியான்னு ‘அர்த்’ல பொண்டாட்டி கேப்பா. மாட்டேன்னுதான் அவன் உண்மையைச் சொல்லுவான். அவளும் அவனைச் சேர்த்துக்க மாட்டா.